வேலிக்கு அந்தப்பக்கத்து மஞ்சள்

ஜனவரி 4

காப்புறுதிக்காரர் இவருக்குக் கொடுத்த டயரி இது. இவருக்குக் கடைச் சிட்டையைத் தவிர வேறு எதிலும் எழுத வராது. வீணாய்ப் போகிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கடையில் மஞ்சள் தீர்ந்துவிட்டது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இராஜலிங்கம் ஸ்டோர்ஸில் ஏலம் இல்லை என்று சொல்லியிருக்கிறோம், சாதிக்காய் இல்லை என்று சொல்லியிருக்கிறோம். மஞ்சள் இல்லை என்று சொன்னதே இல்லை. அது இந்தியாவிலிருந்து கப்பலேறி வரும், கொழும்பில் புறக்கோட்டையில் இறங்கும், லொறியில் மாத்தளைக்கு வரும், அங்கிருந்து எங்கள் தகரப் பேணிக்குள் வந்து விழும். இப்போது வெளிநாட்டு மஞ்சள் வேண்டாம், நாட்டிலேயே நட்டுக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் நிறுத்திவிட்டது. கப்பல் நின்றதும் தீவு முழுக்கப் பருப்புக்கறி வெளுத்துப்போனது.

இவர் புறக்கோட்டைக்குப் போன் எடுத்தார். மொத்த வியாபாரி, மஞ்சள் வேண்டுமானால் நகைக்கடையில் கேளுங்கள் என்று சிரித்தானாம். இவர் பேணியைக் கவிழ்த்துத் தட்டி, ஓரத்தில் ஒட்டியிருந்ததை ஒரு தாளில் மடித்துச் சுவாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

மகள் சுகந்தினிக்கு ஆவணியில் கல்யாணம். நலுங்குக்கு மஞ்சள், பிள்ளையார் பிடிக்க மஞ்சள், தாலிக் கயிற்றுக்கு மஞ்சள், ஆரத்திக்கு மஞ்சள். ஊருக்கே சரக்கு விற்ற வீட்டில் மஞ்சள் இல்லை என்றால் ஊர் சிரிக்கும்.

ஜனவரி 9

தமயந்தி வீட்டுத் தோட்டத்தில் மஞ்சள் விளைந்திருக்கிறது.

தமயந்தி இவருடைய தம்பி மனைவி. எனக்கு ஓரகத்தி. கொழுந்தன் டோஹாவில் இருக்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரிய பெட்டியோடு வருவார். பிள்ளை கிடையாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி, வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வழியாகத்தான் சாயங்காலம் நான்கு மணிக்கு என் குசினி அடுப்படிக்கு வருவாள். இரண்டு பேரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு ஊரையே அலசிக் காயப்போடுவோம்.

போன சித்திரையில் அவள் போஞ்சி நடுகிற இடத்தில் மூன்று பாத்தி மஞ்சள் நட்டாள். மேல்வீதியில் இருக்கும் குசுமா என்கிற சிங்களப் பெண் விதைக்கிழங்கு கொடுத்தாளாம். நான் சிரித்தேன். கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்போது, ஆத்துக்குப் பக்கத்துல கெணறு வெட்டுறியாடி என்று கேட்டேன். அவளும் சிரித்தாள்.

இப்போது ஆறு வற்றிவிட்டது. கிணற்றுக்காரி மண்வெட்டியோடு நிற்கிறாள்.

ஜனவரி 15

பொங்கல். பானையில் கட்ட இலையோடு இரண்டு மஞ்சள் கொத்து கொண்டுவந்து தந்தாள் தமயந்தி. கடைத்தெருவில் எங்கேயும் கிடைக்காத பொருள். இலை நுனி கொஞ்சம் காய்ந்திருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

போகும்போது, “கல்யாணத்து மஞ்சள் என் பொறுப்புக்கா” என்றாள். பெற்றவள் நான் இருக்கிறேன். மசாலாக் கடைக்காரர் பெண்டாட்டி நான் இருக்கிறேன். பொறுப்பு இவளுடையதாம்.

கொழும்பில் சொல்லி வைத்திருக்கிறோம், உனக்கேன் சிரமம் என்று சொல்லிவிட்டேன். கொழும்பில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

ஜனவரி 27

மஞ்சள் அவிக்கிற வாடை காலையிலிருந்து வேலியைத் தாண்டி வருகிறது. பச்சைக் கிழங்கை அவித்து, வெயிலில் காயவைத்து, சாக்கில் போட்டுத் தேய்த்தால்தான் கடை மஞ்சளாகும். இதெல்லாம் தமயந்திக்கு எங்கே தெரியும், குசுமா வந்து காட்டிக்கொடுக்கிறாள். இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து என்னவோ பேசிச் சிரித்தார்கள். கடையில் கொடுக்கல் வாங்கலுக்குப் போதுமான சிங்களம் எனக்குத் தெரியும். சிரிக்கும் அளவுக்குத் தெரியாது.

அவள் தமயந்தியை நங்கி, நங்கி என்று கூப்பிடுகிறாள். தங்கையாம்.

நான்கு மணிக்கு தமயந்தி வரவில்லை. அடுப்பை விட்டு வர முடியாதாம். வேலிக்கு அந்தப்பக்கமிருந்தே கத்திச் சொன்னாள்.

பெப்ரவரி 3

ஊர் முழுக்க இப்போது தமயந்தி வீட்டு வாசலில். எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்பெல்லாம் நின்று இவரிடம் இரண்டு வார்த்தை பேசுவார்கள். இப்போது தலையை ஆட்டிவிட்டு நேரே போகிறார்கள். பெண் பெரியவளான வீட்டுக்காரர்கள், குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள், கறிக்கு ஒரு சிட்டிகை வேண்டுகிறவர்கள். ஆளுக்கு ஒரு துண்டு கொடுக்கிறாள். கொடுப்பதைவிட அதிகம் பேசுகிறாளாம். தமயந்தி மாதிரி குணம் வருமா என்று பெட்டிக்கடைக்காரி என்னிடமே சொன்னாள்.

குணம் இருக்கட்டும். மஞ்சள் இல்லாவிட்டால் அந்தக் குணத்தை யார் தேடி வருவார்கள்.

பெப்ரவரி 8

போயா, பௌர்ணமி. குசுமா விகாரைக்குப் போயிருப்பாள். நான்கு மணிக்கு இரண்டு கோப்பை எடுத்து வைத்தேன். ஒன்று ஆறிப்போனது. வாழைக்கு ஊற்றினேன்.

பெப்ரவரி 10

வேலி இடைவெளியைக் கம்பி போட்டு அடைக்கச் சொன்னேன். கோழி வந்து குசினியைக் கிளறுகிறது. தமயந்தியிடம் கோழி இல்லையே என்றார் இவர். யாரிடமாவது இருக்கும் என்றேன்.

மார்ச் 8

மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா. அம்மனுக்கு மஞ்சள் நீர் ஊற்றுவதற்கான மஞ்சள் வருடா வருடம் எங்கள் கடை உபயம். மாமனார் காலத்திலிருந்து நடக்கிறது. இந்த வருடம் பூசாரி எங்களிடம் கேட்கவே இல்லை, நேரே வேலிக்கு அந்தப்பக்கம் போய்விட்டார். அதுகூடப் பரவாயில்லை. ஒலிபெருக்கியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? மஞ்சள் உபயம், இராஜலிங்கம் ஸ்டோர்ஸ் குடும்பத்தார்.

அவள்தான் அப்படிச் சொல்லச் சொன்னாளாம். எல்லாரும் என்னிடம் வந்து, இந்தக் காலத்திலும் நிறுத்தாமல் செய்தீர்களே என்று கையைப் பிடித்தார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுப் பெயரை எனக்கே பிச்சை போட்டுவிட்டாள். வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லவில்லை. தலைவலி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கூட்டத்தில் அவள் என்னைத் தேடினாள் என்று சுகந்தினி சொன்னாள்.

மார்ச் 22

விவசாய அதிகாரி வந்து தமயந்தியைப் படம் எடுத்தார். இன்று பேப்பரில் வந்திருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் மஞ்சள் விளைவித்த பெண்மணி. பக்கத்தில் குசுமா, ஏதோ கூடப் பிறந்தவள் மாதிரி தோளில் கை போட்டுக்கொண்டு. படத்தில் எங்கள் வேலியும் தெரிகிறது. கம்பி அடித்த இடம் நன்றாகத் தெரிகிறது.

இவர் அந்தப் பேப்பரை வெட்டிக் கடையில் ஒட்டினார். ஈரச் சுவரில் ஒட்டினால் நிற்காது என்றேன். நின்றுவிட்டது.

ஏப்ரல் 17

புது வருடம் கழிந்து நல்ல மழை. தமயந்தி வாசல் பக்கமாக வந்தாள். இப்போதெல்லாம் ரோட்டைச் சுற்றித்தானே வர வேண்டும். கையில் நீலக்கோடு போட்ட துணிப்பை நிறைய விதை மஞ்சள். “உங்க பக்கமும் நடுங்கக்கா. நானே வந்து பாத்தி போட்டுத் தாறேன்” என்றாள்.

எனக்குப் பாத்தி போடத் தெரியும் என்றேன். கடையில் ஆள் நின்றதால் உட்காரச் சொல்லவில்லை. அவளும் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் பாக்குச் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

நேற்றே குசுமா இதே மாதிரி ஒரு பையோடு மேல்வீதியில் ஏறிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். முதலில் அவளுக்கு. மிச்சம் மீதி எனக்கு.

ஏப்ரல் 18

பையோடு தூக்கிக் குசினித் தண்ணீர் போகும் பள்ளத்தில், வாழைக்குப் பின்னால் எறிந்தேன். மேலே இரண்டு கூடை குப்பை கொட்டினேன். நட்டாச்சா அக்கா என்று தமயந்தி சுகந்தினியிடம் கேட்டு அனுப்பியிருந்தாள். வரிசையாகப் பாத்தி போட்டு நட்டாயிற்று என்று சொல்லி அனுப்பினேன்.

மே 5

மாப்பிள்ளையின் பெரியம்மா பந்தல் அளவு பார்க்க வந்தார். நல்ல மனுஷிதான், ஆனால் கண் எல்லா இடத்துக்கும் போகிறது. கடையின் காலிப் பேணிகளை எல்லாம் பார்த்தார். கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் வைத்திருப்பீர்கள்தானே என்று சிரித்தார். எங்கள் வீட்டிலா இல்லாமல் போகும் என்றேன்.

இவர் பிறகு மெதுவாக, தமயந்தியிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றார். கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. அவள் உடனே கொடுத்துவிடுவாள். அதுதான் ஆகும்.

சுகந்தினி கல்யாணத்துக்கு அவளிடம் ஒரு துண்டு மஞ்சள் வாங்குவதில்லை. எழுதி வைத்துவிட்டேன்.

மே 30

வாழைக்குப் பின்னால் பச்சையாக ஏதோ குத்திக்கொண்டு வந்திருக்கிறது. வாழைக்கன்று என்று நினைத்தேன். வாழையில்லை.

பிடுங்க வேண்டும். நேரமில்லை.

ஜூன் 14

அது முழங்கால் உயரம் வந்துவிட்டது. குப்பையில் போட்டாலும் மதியாதவள் வீட்டில் வந்து வளர்கிறது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று சுற்றிலும் சருகு போட்டு மறைத்தேன். ஈரமாக இருக்கட்டும் என்பதற்காக இல்லை. மறைப்பதற்காகத்தான்.

ஜூன் 15

பிடுங்க வேண்டும்.

ஜூலை 6

நான்கு மணிக்கு இப்போது ஒரு கோப்பைதான் எடுக்கிறேன். கை இரண்டு எடுத்துவிடுகிறது, ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். வெறும் பழக்கம். நாய்க்குட்டி கூடப் பழகிய பாதையில்தான் போகும்.

வேலிக்கு அந்தப்பக்கம் இரண்டு பேர் சத்தம்.

ஜூலை 19

கிடைத்துவிட்டது. தூர தேசத்து மஞ்சள் வைத்திருக்கிறேன் என்று வான் வண்டியில் சுற்றுகிற ஒரு ஆள், பெயர் சொல்லவில்லை, கடைக்குப் பின்வழியாக வந்தான். தூள்தான், கிழங்கு இல்லை. என்ன நிறம். தமயந்தியின் மஞ்சள் பார்க்க மண் மாதிரி இருக்கும், இது கோயில் கொடிச்சீலை மாதிரி பளீரென்று இருக்கிறது. அவன் கேட்ட விலைக்கு இவர் முகம் சுருங்கியது. நான் உள்ளேயிருந்து தலையை ஆட்டினேன்.

அவ்வளவாக மணக்கவில்லை. எனக்கு இரண்டு நாளாகத் தடிமன், மூக்கடைப்பு.

இவர் ஒரு சிட்டிகை எடுத்துச் சுண்ணாம்பு தொட்டுப் பார்ப்போமா என்றார். நல்ல மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் இரத்தமாகச் சிவக்கும், அரிசி மாவுக்குச் சாயம் போட்டிருந்தால் மஞ்சளாகவே நிற்கும். எங்கள் கடைக்கு வருகிற ஒவ்வொரு மூட்டையையும் மாமனார் அப்படித்தான் பார்ப்பாராம். கல்யாணத்துக்கு வாங்கிய மங்கலப் பொருளைச் சந்தேகப்பட்டுச் சோதிப்பது நல்லதில்லை என்று வாங்கிப் பூட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 2

பலகாரம் சுட தமயந்தி வந்தாள். வராமல் எப்படி இருப்பாள், சித்தியல்லவா. அரியதரம் பிடித்துக்கொண்டே கண் சுவர்த்தட்டுப் பக்கம் போயிற்று. நான் வெளியே எடுத்து வைத்திருந்த மஞ்சள் தூள் டப்பாவைத் திறந்தாள். இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தாள். மூக்குக்குக் கொண்டுபோனாள். பிறகு மூடி வைத்துவிட்டு அரியதரத்துக்குத் திரும்பிவிட்டாள்.

ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாகக் கொடுத்திருப்பேன்.

ஆகஸ்ட் 26

பந்தல் போட்டாயிற்று. சம்பந்தி வீட்டார் நாளைக்குப் பயணம். நலுங்குக்குப் பிள்ளையார் பிடித்தோம். கைக்குள் மஞ்சளாக இருக்கவில்லை, கொழுக்கட்டை மாவாக இருந்தது. தண்ணீர் கூடிவிட்டது போல.

ஆகஸ்ட் 29

நேற்று கல்யாணம். எழுத இன்றுதான் கை வந்தது. நகத்தில் இன்னும் மஞ்சள் போகவில்லை.

தாலி கோயிலில் ஏறியது. பூசாரி கயிறு அவரே கொண்டுவந்தார், அதற்கு மஞ்சள் எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. பதினொரு மணிபோல் மகளும் மாப்பிள்ளையும் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஆரத்தி சுற்றத் தமயந்தியும் மாப்பிள்ளையின் அக்காவும் படியில் நின்றார்கள். தட்டைக் கரைத்துக் கொடுப்பது என் வேலை.

குசினியில் பித்தளைத் தட்டில் தண்ணீர் விட்டு, தூளைப் போட்டு, சுண்ணாம்பைக் கரைத்தேன். சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. சிவக்கவில்லை. டப்பாவில் இருந்த சுண்ணாம்பு முழுவதையும் வழித்துப் போட்டேன். பளீரென்ற அந்தக் கொடிச்சீலை மஞ்சள் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மாப்பிள்ளையின் பெரியம்மா நிலைப்படியில் தலையை நீட்டினார். “என்னங்க சம்பந்தி, பிள்ளைங்க வெயில்ல நிக்குதுங்க.” பிறகு தட்டைப் பார்த்தார். குங்குமத்தைக் கொட்டிக் கலக்கலாம் என்று நினைத்தேன், அவர் நகரவில்லை. மகள் முதல்முதலாகத் தாலியோடு வாசலில் நிற்கிறாள், அம்மா கரைத்த ஆரத்தி சிவக்கவில்லை. இதைச் சாகும்வரை சொல்வார்கள். சுகந்தினிக்கு ஒரு தலைவலி வந்தாலும் சொல்வார்கள்.

சுண்ணாம்பு பழசு போலிருக்கிறது, ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் பின்வாசலால் ஓடினேன். தமயந்தி வீட்டுக்குப் போகலாம் என்றால் வேலி அடைத்திருக்கிறது. அடைக்கச் சொன்னவளும் நான்தான். முன்பக்கம் போனால் அத்தனை கூட்டமும் பார்க்கும். கால் தானாக வாழைக்குப் பின்னால் போயிற்று.

பட்டுச் சேலையோடு பள்ளத்தில் உட்கார்ந்து, சருகைத் தள்ளிவிட்டு, கரண்டிக் காம்பால் கிளறினேன். மழை பெய்த மண், சுலபமாக விட்டுக்கொடுத்தது.

“அக்கா.”

தமயந்தி பின்னால் நின்றாள். என்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள். செடியைப் பார்த்தாள். வரிசையும் இல்லை, பாத்தியும் இல்லை, ஒரே குவியலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைத்திருக்கிறது. நான் இழுத்த கிழங்கோடு அவளுடைய நீலக்கோட்டுத் துணிப்பையின் கிழிசலும் வந்தது. அதைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டினாள்.

“பையோட போட்டுட்டீங்க” என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

என்ன சொல்வது? மன்னித்துக்கொள் என்று சொல்லலாம். தெரியாமல் விழுந்துவிட்டது என்று சொல்லலாம். என் வாயில் வந்தது இதுதான்: “நீ ஏன்டி டீ குடிக்க வர்றதில்ல?”

அவள் என்னையே பார்த்தாள். “நீங்க வேலிய அடைச்சிட்டீங்களேக்கா.”

“கோழி வந்துச்சு.”

“என்கிட்ட கோழி ஏதுக்கா?”

வாசலில் யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து கையை மண்ணுக்குள் விட்டாள். கிளறிக்கொண்டே சொன்னாள். பொங்கலுக்குக் கிழங்கு எடுத்தபோதே, இது சுகந்தினி கல்யாணத்துக்கு என்று அவிக்காமல் ஒதுக்கி வைத்தாளாம். ஊரே வந்து கேட்டும் அதில் கை வைக்கவில்லையாம். நான் கொழும்பில் சொல்லியிருக்கிறோம் என்றதும் என்ன செய்வதென்று தெரியாமல், உங்க மண்ணுலயாவது இருக்கட்டும்னு கொண்டாந்தேன் என்றாள்.

நான் கேட்டேன், அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது: “குசுமாவுக்கு என்ன குடுத்த?”

“அவளுக்கு விரலி. இது தாய்க்கிழங்கு.”

விரலி பக்கத்தில் கிளைப்பது; நடுவதற்குத் தாய்க்கிழங்குதான் முதல் தரம், மசாலாக் கடைக்காரர் பெண்டாட்டிக்கு அது தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைத்தேன், முகமெல்லாம் மண். அவள் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். “பொண்ணோட அம்மா மாதிரியா இருக்கீங்க” என்றாள்.

துணி துவைக்கிற கல்லில் வைத்துத் தட்டினோம். தட்டைக் கழுவி, சாற்றைப் பிழிந்து, விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கரைத்தேன். சிவந்தது. இத்தனை வருடம் கடையில் இருந்தும் அப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை.

பெரியம்மா தட்டைப் பார்த்தார், என் சேலையில் மண்ணைப் பார்த்தார், வாயைத் திறந்தார். தமயந்தி முந்திக்கொண்டாள். “எங்க வீட்டு வழக்கங்க. ஆரத்திக்கு மட்டும் தூள் ஆகாது. பிள்ளைங்க வாசலுக்கு வந்த பொறகுதான் பெத்தவ கையால தோண்டி எடுக்கணும்.”

அப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எந்த வீட்டிலும் கிடையாது. பெரியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றார். அடுத்த மகனுக்கு அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்யப்போகிறாராம், ஒரு விதைக்கிழங்கு வேண்டுமாம்.

தமயந்தி ஆரத்தி சுற்றினாள். சுகந்தினியின் நெற்றியில் அந்தச் சிவப்பைத் தொட்டு வைத்தாள். பிள்ளை குனிந்து சித்தியின் காலைத் தொட்டாள். பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பொய்கூட எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத்தான் தோன்றியது.

ஆகஸ்ட் 31

வான் வண்டியில் வந்தவனின் தூளை இவர் பள்ளத்தில் கொட்டினார். எறும்பு கூட அண்டவில்லை.

செப்டம்பர் 2

வேலிக் கம்பியை அவிழ்க்கச் சொன்னேன். கோழி வருமே என்றார் இவர். முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டுதான் சொன்னார். வந்தால் வரட்டும் என்றேன்.

செப்டம்பர் 3

நான்கு மணிக்கு இரண்டு கோப்பை எடுத்து வைத்தேன். தண்ணீர் கொதிக்கும்போதே வேலிப் பக்கம் இலை சலசலத்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

தமயந்தி நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் குசுமா.

குசினிக்குள் வந்து, ஏதோ பிறந்ததிலிருந்து வருகிற இடம் மாதிரி வாசல் பக்கம் குத்துக்கட்டையில் உட்கார்ந்தாள். அக்கா என்று என்னைக் கூப்பிட்டாள். அவர்கள் பாஷையிலும் அக்கா, அக்காதான். வாழைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் மஞ்சள் அவளுடையதைவிட நன்றாக வந்திருக்கிறது என்றாள். தமயந்தி அதை எனக்குத் தமிழில் சொன்னாள். அந்த அளவு சிங்களம் எனக்கே புரிந்தது, இருந்தாலும் இரண்டாவது தடவையும் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாவது கோப்பை தேடினேன். நல்லதெல்லாம் கல்யாணத்துக்கு எடுத்து, திரும்பக் கட்டி வைத்தபடி கிடந்தது. சுவர்த்தட்டில் விளிம்பு உடைந்த ஒன்று இருந்தது. அதில் ஊற்றிக் குசுமாவிடம் கொடுத்தேன். அவள் உடைந்த பக்கத்தை அந்தப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு குடித்தாள். நல்ல டீயாம்.

நாளைக்கும் வருகிறாளாம். கடைத்தெருவில் ஒரு புதுக் கோப்பை வாங்கி வரும்படி இவரிடம் சொல்ல வேண்டும்.

சொல்லலாம். அவசரமில்லை.